ஓர் இருமலின் வரலாறு

காசம் என்னும் சொல்லுக்கு இருமல் என்பதே பழைய பொருள். ஆயுர்வேத நூல்கள் காசத்தை ஐந்து வகையாகப் பிரித்தன. வாதத்தால் வருவது, பித்தத்தால் வருவது, கபத்தால் வருவது, மார்பில் நேர்ந்த காயத்தால் வருவது, உடல் தேய்வால் வருவது என்பன அவை. இறுதியிற் சொன்ன தேய்வுக் காசம் ஒன்றையே நாம் டி.பி. என்று வழங்கும் நோயோடு ஒருவாறு பொருத்திப் பார்க்கலாம். 1882ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் பெர்லின் நகரில் இராபர்ட் காக் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். அந்நோய்க்குத் தமிழில் க்ஷயரோகம் என்ற பெயர் நெடுங்காலம் வழங்கிப் பின்னர்க் காசநோய் என்ற பெயர் நிலைபெற்றது. பெயர் செவிக்கு இனிதாகவே அமைந்துவிட்டது. ஆயினும் ஒரு தீங்கும் உடன் நேர்ந்தது. ஐந்தில் ஒன்றற்கு உரிய அச்சம், ஐந்தற்கும் பொதுவான சொல்லின்மேல் ஏறிக்கொண்டது. நீண்ட நாள் இருமுகிறவர் யாராயினும் அவருக்குக் காசம் என்ற முடிவுக்கு ஊரும் உறவும் எளிதில் வந்துவிடுவதற்கு இச்சொல்லும் ஒரு துணை என்பது என் எண்ணம்.

இக்கட்டுரை காசநோயைப் பற்றியதன்று. காசநோய் என்று தவறாகக் கருதப்பட்டுப் பின்னர்த் தனி நோயெனப் பிரித்தறியப்பட்ட ஓர் இருமலைப் பற்றியது. நம் வீடுகளில் 'ஈஸ்னோபீலியா' என்று பேச்சுவழக்கில் நடமாடும் பெயர் அதனுடையது. அந்நோயின் வரலாறு மதனப்பள்ளி, சிங்கப்பூர், வேலூர் முதலிய ஊர்களோடும், சென்னையிற் படித்து அமெரிக்காவில் உழைத்த ஒருவரோடும் பின்னிக் கிடக்கிறது. தமிழ்நாட்டுக் கடலோர ஊர்களிலிருந்தும் காவிரிக்கரை ஊர்களிலிருந்தும் வடக்கே வந்து குடியேறிய நம் போன்றோர்க்கு அவ்வரலாற்றில் தனியான பங்கும் உண்டு. எப்படி என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

முதலில் என் தந்தையாரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்த அவர் 1951இல் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து தில்லிக்கு வந்தார். கரோல்பாகில் ஒற்றை அறைக் குடியிருப்பு. 1956ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவருக்கு இருமல் தொடங்கியது. பகலில் அலுவலகத்தில் ஓரளவு தாங்கிக்கொள்வார். நள்ளிரவு தாண்டியபின் இருமல் பிடித்துக்கொண்டால் விடியும்வரை ஓயாது. சுவரில் தலையணையைச் சார்த்தி உட்கார்ந்தபடியே இரவைக் கழிப்பார். மூச்சில் இரைப்பு, மாலையில் இளஞ்சூடு, நாளுக்கு நாள் உடல் மெலிவு. மார்பைப் படம் பிடித்துப் பார்த்தபோது இரு நுரையீரல்களிலும் தினையைத் தூவியது போன்ற புள்ளிகள் தெரிந்தன. இனிச் சொல்லுவதற்கு என்ன இருக்கிறது? மலைப்பாங்கான ஊரிலிருந்த ஒரு சானடோரியத்துக்கு அவரை அனுப்பினார்கள்.

அங்கு ஏழு மாதம் இருந்தார். சளியை எத்தனையோ முறை சோதித்தார்கள். ஒருமுறைகூடக் கிருமி தென்படவில்லை. தென்படாததை ஒரு விடையாக யாரும் கருதவில்லை. இன்னும் தேட வேண்டும் என்பதற்கே அது சான்றாயிற்று. அந்த ஏழு மாதத்தில் ஊரில் என் அத்தையின் திருமணப் பேச்சு முறிந்தது. அண்ணனுக்கு அந்த வியாதி என்று யாரோ மாப்பிள்ளை வீட்டாருக்கு எழுதிவிட்டார்கள். திரும்பி வந்தபோது தந்தையாருக்கென்று தனித் தட்டு, தனித் தம்ளர். தம்ளரின் விளிம்பில் என் அன்னையார் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தார். நான் அப்போது சிறுவன். கோடு போட்ட தம்ளரை எடுத்துவிட்டால் முதுகில் அடி விழும் என்பது மட்டுமே எனக்குத் தெரிந்திருந்த மருத்துவம்.

சானடோரியம் என்ற ஏற்பாட்டை இன்று ஏளனமாகப் பேசுவது எளிது. மருந்தே இல்லாத நாளில் தூய காற்றும் ஓய்வும் நல்லுணவும் அன்றி மருத்துவர் கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லை. நம் நாட்டில் ஆஜ்மீரை அடுத்த திலோனியாவில் 1906இல் முதல் நிலையம் எழுந்தது. 1908இல் அல்மோரா, மறு ஆண்டு சிம்லாவுக்குச் செல்லும் வழியில் தரம்பூர். தெற்கே அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளிக்கு அருகில், கிறித்தவ மிஷன்கள் பல கூடி அமைத்த சானடோரியம் 1915இல் திறக்கப்பட்டது. அவ்விடத்துக்கு ஆரோக்கியவரம் என்று பெயரிட்டார்கள். தாம்பரத்தில் 1928இல் சானடோரியம் நிறுவியவர் டாக்டர் சௌரிமுத்து. அவரே அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்தியவர். கணித மேதை இராமானுசன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றார் என்பது பலர் அறியாத செய்தி. இராமானுசனுக்கு வந்தது காசநோயே அன்று, கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று 1994இல் ஆங்கில மருத்துவர் ஒருவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து எழுதினார். அது மெய்யாயின், 1920இல் 32 வயதில் மறைந்த அம்மேதையும் பெயர் மாறிய நோயாளிகளுள் ஒருவர் ஆகிறார். முடிந்த முடிபாக இதை யாரும் சொல்ல இயலாது. ஆயினும் நினைக்கும்போதெல்லாம் மனம் கலங்குகிறது.

நம் கதைக்குரிய திருப்பம் மதனப்பள்ளியில் நிகழ்ந்தது. ஆரோக்கியவரத்தின் தலைமை மருத்துவராக இருந்தவர் டென்மார்க்கு நாட்டினரான கிறித்தியன் பிரிமோத் மோலர். காசநோய் என்று முத்திரை குத்தப்பட்டு வருவோரை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் ஆய்வுக்கூடத்தில் மீண்டும் மீண்டும் சோதிக்கும் வழக்கம் அங்கு இருந்தது. அவ்வாறு சோதித்ததில் ஒரு சாரார் தனியே தெரியலாயினர். மார்புப் படத்தில் புள்ளிகள் உண்டு. இருமலும் காய்ச்சலும் மெலிவும் உண்டு. சளியிலோ கிருமி இல்லை. அவர்களுடைய இரத்தத்தில் ஈஸினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் அளவு கடந்து மிகுந்திருந்தன. இவ்வணுக்கள் ஈஸின் என்ற சிவப்புச் சாயத்தை விரும்பி ஏற்பவை. அதனாலேயே 1879இல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் இவற்றைப் பிரித்துணர்ந்தார். நலமுள்ள மனிதரிடத்தில் வெள்ளணுக்கள் நூற்றுக்குச் சிலவே இவ்வகையின. மதனப்பள்ளி நோயாளிகளிடத்திலோ பாதியும் அதற்கு மேலும்கூட இவையாகவே இருக்கக் கண்டனர். பிரிமோத் மோலரும் அவருடன் பணியாற்றிய பார்ட்டனும் 1940இல் 'இந்தியன் மெடிக்கல் கெஜட்' இதழில் இதனை எழுதினர். ஈஸினோஃபில் மிகுதியோடு கூடிய போலிக் காசநோய் நிலை என்ற கருத்துப்பட அவர்கள் அதற்குத் தலைப்பிட்டனர். போலி என்ற அந்த ஒரு சொல்லில் எத்தனை குடும்பங்களின் விடுதலை அடங்கியிருந்தது என்பதை அவர்கள் அன்று அறிந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாண்டுகள் கழித்து, 1943இல், வைன்கார்ட்டன் என்னும் மருத்துவர் இந்தியாவில் தாம் கண்ட 81 நோயாளிகளைப் பற்றி இலண்டன் 'லான்செட்' இதழில் எழுதினார். 'வெப்பமண்டல ஈஸினோஃபீலியா' என்ற பெயரை வழங்கியவர் அவரே. அவர் கண்ட இன்னொரு செய்தி, மேகநோய்க்குக் கொடுத்து வந்த ஆர்சனிக் கலந்த ஊசிமருந்து இந்த இருமலை நிறுத்துகிறது என்பது. ஆர்சனிக் என்பது நாம் பாஷாணம் என்று அஞ்சும் பொருள்களில் உள்ள நஞ்சு. அதை இரத்தக் குழாயில் ஏற்றுவது விளையாட்டன்று. தோல் தடிப்பு, ஈரல் கேடு முதலியன சிலர்க்கு நேர்ந்தன. எனினும் பல மாதம் உறங்காத ஒருவன் உறங்கினான் என்பது சிறிய செய்தியா? ஊசியால் இருமல் நின்றமையால், இது காசநோய் அன்று என்பதும் ஐயத்துக்கு இடமின்றி உறுதிப்பட்டது. தலைநகரில் ஆர். விசுவநாதனும் இந்நோயை ஆராய்ந்து எழுதினார். பின்னாளில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் வல்லபாய் படேல் மார்புநோய் நிலையத்துக்கு முதல் இயக்குநராக விளங்கியவர் அவர்.

நோய்க்குப் பெயர் கிடைத்தது. மருந்தும் ஒருவகையில் கிடைத்தது. காரணம் மட்டும் கிடைக்கவில்லை. தானியங்களில் வாழும் சிறுபூச்சிகள் மூச்சில் ஏறுவதால் வருகிறது என்று சிலர் கருதினர். ஏதோ ஒவ்வாமை என்று பொதுவாகச் சொல்லி முடித்தனர் சிலர். உண்மையோ நம் ஊர்த் தெருச் சாக்கடையில் கிடந்தது.

யானைக்கால் நோயைத் தமிழர் எவர்க்கும் அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. கும்பகோணத்துக்கே அந்நோயால் ஒரு கெட்ட பெயர் உண்டு. அதற்குக் காரணமான பைலேரியாப் புழுவின் குஞ்சுகளை 1872இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் மனித இரத்தத்தில் கண்டார். 1877இல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் அக்குஞ்சுகள் கொசுவின் உடலில் வளர்ச்சி பெறுவதைக் கண்டறிந்தார். இக்குஞ்சுகளின் நடமாட்டத்தில் ஒரு விந்தை உண்டு. பகலில் அவை நுரையீரலின் நுண்குழாய்களில் பதுங்கியிருந்து, இரவு ஏறியபின் வெளி இரத்தத்தில் உலவத் தொடங்கும். கடிக்கும் கொசுவும் இரவில் வருவதே. ஆகவேதான் பைலேரியா ஊழியர்கள் இராப்போதில் விளக்கேந்தி வீடு வீடாக வந்து விரல் நுனியில் இரத்தம் எடுத்தார்கள். உறக்கத்தில் எழுப்பிக் குத்துவதால் அவர்களைத் திட்டாத பாட்டிமார் இல்லை.

இருமலுக்கும் இப்புழுவுக்கும் உறவு உண்டோ என்ற ஐயம் 1950களில் வலுப்பெற்றது. சிங்கப்பூரில் பணியாற்றிய டி.ஜே. தனராஜ் இத்துறையில் செய்த பணி பெரிது. அவரும் உடனாய்வாளர்களும் இந்நோயாளிகளின் இரத்தம் பைலேரியாப் புழுச்சத்தோடு வலுவாக வினைபுரிவதைக் காட்டினர். 1958இல் இலண்டனில் பக்லி என்பவர் விலங்குகளிடம் காணப்படும் பைலேரியா வகைகளின் இளம்புழுக்களைத் தன்னார்வமுடைய ஒருவர் உடலிற் செலுத்திப் பார்த்தபோது, இருமலும் ஈஸினோஃபில் பெருக்கமும் தோன்றின. ஆயினும் நோயாளிகளின் இரத்தத்தில், நள்ளிரவில் எடுத்தாலும், புழுக்குஞ்சு அகப்படவில்லை. வீட்டில் களவு போனது தெரிகிறது. கள்வன் மட்டும் தெரியவில்லை என்ற நிலை.

அந்தக் கள்வனைக் கையும் களவுமாகப் பிடித்த இடம் வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வெப், ஜாப், கால்ட் என்னும் மூவர் நோயாளிகளின் நுரையீரல், ஈரல், நெறிக்கட்டு ஆகியவற்றின் சிறு துணுக்குகளை எடுத்து மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். ஈஸினோஃபில்கள் குவிந்து சூழ்ந்த சிறு முடிச்சுகளின் நடுவில் பைலேரியாக் குஞ்சுகள் சிதைந்து கிடந்தன. 1960இல் 'லான்செட்' இதழில் அக்கட்டுரை வெளிவந்தது. 1966இல் தனராஜும் சண்முகரத்தினமும் பிறரும் சிங்கப்பூர் நோயாளிகளின் நுரையீரலிலும் அதையே கண்டு உறுதிப்படுத்தினர். சண்முகரத்தினம் சிங்கப்பூர் நோய்க்குறியியலின் மூத்தோருள் ஒருவர். தமிழ்ப் பெயர்கள் உலக மருத்துவ இதழ்களில் இவ்வாறு இடம்பெற்ற செய்தியை நம் விழா மேடைகளில் எவரும் சொல்லக் கேட்டதில்லை. அது நம் மேடைகளின் குறை.

புழு இரத்தத்தில் ஏன் தென்படவில்லை என்பதும் இதனால் விளங்கிற்று. பைலேரியா பரவிய ஊரில் கொசுக்கடி படுவோர் எண்ணற்றோர். அவர்களுள் பலர் புழுக்குஞ்சுகளை இரத்தத்தில் சுமந்தபடியே யாதொரு துன்பமும் அறியாது வாழ்வர். சிலரது உடல் மட்டும் அக்குஞ்சுகளைச் சற்றும் பொறுப்பதில்லை. நுரையீரலில் நுழைந்தவுடன் அவற்றை வளைத்துக் கொன்றுவிடுகிறது. அப்போரில் ஈஸினோஃபில்கள் உமிழும் நச்சுப் பொருள்கள் நுரையீரலையே புண்படுத்துகின்றன. இருமலும் இரைப்பும் அந்தப் போரின் ஓசை. போர் பல்லாண்டு நீடிப்பின் நுரையீரல் தழும்பேறி இறுகிப் போகும். அதனை எடுத்துக்காட்டியவர்களுள் பம்பாயின் பாரூக் உத்வாடியா முதன்மையானவர். 1975இல் அவர் நுரையீரல் ஈஸினோஃபீலியா பற்றித் தனி நூலே எழுதினார். எவ்வாறாயினும் ஒன்று தெளிவு. கொசு இன்றி இந்நோய் ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தாவுவதில்லை. இருமலால் தொற்றாது, மூச்சால் தொற்றாது, தம்ளரால் தொற்றவே தொற்றாது. உண்மையைச் சொன்னால், காசநோயும் காற்றின் வழியே பரவுவதன்றித் தம்ளரின் விளிம்பால் பரவுவதன்று. என் அன்னையார் கீறிய கோடு எந்த நோய்க்கும் வேலியாக இருந்திருக்க முடியாது.

இனி மருந்தின் கதை. எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றபோது கதராடை உடுத்தியமையால் பேராசிரியர் ஒருவரின் மனக்கசப்புக்கு ஆளானார் என்றும், அதனாலேயே முழுப் பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். என்னும் குறைந்த பட்டம் பெற்றார் என்றும் அவர் வரலாறு கூறும். உடன்பிறந்தார் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிலகாலம் கற்பித்துவிட்டு, இளம் மனைவியைப் பிரிந்து 1923இல் கப்பலேறி பாஸ்டன் சேர்ந்தார். திரும்பி வரவேயில்லை. பிறகு லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி இயக்குநராக இருந்தபோது, பைலேரியாவுக்கு மருந்து தேடும் பணி அவரது குழுவின் முன் வந்தது. பசிபிக் தீவுகளில் போரிட்ட அமெரிக்கப் படைவீரர் பலருக்கு அந்நோய் தொற்றியதே அதற்குத் தூண்டுதல். ஒரு வல்லரசின் படைவீரர்க்கு வந்தபின்னரே ஏழைகளின் நோய்க்கு மருந்து பிறக்கிறது என்பதை வரலாற்றில் பலமுறை காண்கிறோம். 1947இல் டையெத்தில்கார்பமசின் என்னும் மருந்தை அக்குழு வெளியிட்டது. கடையில் அதன் பெயர் ஹெட்ராசான். மறு ஆண்டே, 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் நியூயார்க்கில் உறக்கத்திலேயே காலமானார். அம்மருந்து யானைக்காலுக்கு மட்டுமன்றி, அப்போது காரணமே தெரியாதிருந்த ஓர் இரவு இருமலுக்கும் மருந்தாகும் என்பதை அவர் அறிந்து செல்லவில்லை. 1950களின் நடுவில் இந்திய மருத்துவர்களும், 1958இல் தனராஜும் அதைக் கொடுத்துப் பார்த்து நற்பயன் கண்டனர். ஆர்சனிக் ஊசி அத்தோடு விடைபெற்றது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 6 மில்லிகிராம் வீதம் நாள்தோறும் மூன்று வாரம் என்பது பின்னர் நிலைபெற்ற முறை. சிலர்க்குச் சில ஆண்டு கழித்து நோய் மீள்வதும் உண்டு. அவர்க்கு மீண்டும் கொடுப்பர்.

என் தந்தையாரிடம் திரும்புகிறேன். 1958 குளிர்காலத்தில் இருமல் மீண்டும் முற்றியபோது நண்பர் ஒருவர் அவரை வேறொரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். பஞ்சாபியரான அம்மருத்துவர் மார்புப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சானடோரியத்துச் சீட்டுகளைப் புரட்டினார். பிறகு அவர் கேட்ட கேள்வி நோயைப் பற்றியதன்று. உங்கள் சொந்த ஊர் எது என்று கேட்டார். கும்பகோணம் என்றார் தந்தையார். அந்த ஊரில் கால் வீங்கியவர்கள் உண்டா என்று அடுத்த கேள்வி. எங்கள் தெருவிலேயே நால்வர் என்று விடை. இரத்தச் சோதனைக்குச் சீட்டு எழுதினார். கன மில்லிமீட்டருக்கு ஐந்நூறுக்குள் இருக்க வேண்டிய ஈஸினோஃபில்கள் ஆறாயிரத்துக்கு மேல் இருந்தன. மாத்திரை தொடங்கி ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, இரவு முழுவதும் ஒலி எதுவும் இல்லாமையால் அன்னையார் அஞ்சி எழுந்து விளக்கை ஏற்றினாராம். தந்தையார் படுத்து உறங்கிக்கொண்டிருந்தார்.

வடபுலம் வந்த தமிழர்க்கு இவ்வரலாற்றில் தனிப்பங்கு உண்டு என்று முன்னர்ச் சொன்னது இதனால்தான். கும்பகோணத்திலோ கொச்சியிலோ இருந்திருந்தால் மருத்துவர் இதை முதலிலேயே எண்ணியிருக்கக் கூடும். சிம்லாவின் அடிவாரத்தில் அந்த எண்ணம் எளிதில் எழாது. நோயைச் சொந்த ஊரில் வாங்கி, வேற்றூரில் அதற்குப் பெயர் தேடும் நிலை குடிபெயர்ந்தோர்க்கே உரியது. இலண்டனிலும் அமெரிக்காவிலும் குடியேறிய தென்னாட்டார் சிலர் இதே இருமலோடு ஆஸ்துமா என்ற பெயரில் நெடுநாள் மருந்துண்ட செய்திகள் மருத்துவ இதழ்களில் வந்துள்ளன.

கதை இத்தோடு இன்பமாக முடிந்திருக்கலாம். ஆனால் 'ஈஸ்னோபீலியா' என்ற சொல் மருத்துவமனையை விட்டு வீதிக்கு வந்ததும் அதன் போக்கு மாறியது. காசநோய் என்று சொல்ல நாணியவர்களுக்கு அது நல்லதொரு போர்வையாயிற்று. பெண் பார்க்க வருபவரிடத்தில், வீட்டுக்காரரிடத்தில், அலுவலகத்தில் என்று எல்லா இடத்திலும் சொல்லத்தக்க பெயர் அது. எங்கள் மாடிக் குடித்தனக்காரர் ஒருவர் 1960களில் ஈராண்டு காலம் அப்படித்தான் சொல்லி வந்தார். ஒரு மருத்துவரும் இரத்தத்தில் எண்ணிக்கை சற்றுக் கூடியிருக்கக் கண்டு அதையே சொல்லிவிட்டார். குடலில் கீரைப்பூச்சி இருந்தாலும், தோலில் அரிப்பு இருந்தாலும், தும்மல் நோய் இருந்தாலும் அந்த எண்ணிக்கை எண்ணூறு, ஆயிரம் என்று ஏறும். நாம் பேசும் நோயிலோ மூவாயிரத்துக்குக் குறைவது அரிது. அந்த வேறுபாட்டை அவரும் கேட்கவில்லை, பிறரும் சொல்லவில்லை. என் தந்தையாரின் மாத்திரைப் புட்டியிலிருந்தே சிலவற்றை வாங்கி விழுங்கினார் என்பது எங்கள் வீட்டில் பின்னர்ப் பேசப்படாத செய்தி. சளியில் இரத்தம் கண்டபின்னரே சோதனைக்குச் சென்றார். அதற்குள் அவருடைய மூத்த பெண்ணுக்கும் தொற்றியிருந்தது. பெண் பிழைத்தாள். அவர் பிழைக்கவில்லை.

இதில் மிகவும் வருந்தத்தக்கது, அவர் மறைக்க வேண்டிய காரணமே அப்போது இல்லாமற் போயிருந்தது என்பது. 1956இல் சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து காசநோய் மருந்தாய்வு நிலையத்தை அமைத்தன. வாலஸ் பாக்ஸ் என்னும் மருத்துவர் தலைமையில் அங்கு நடந்த ஆய்வில், நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்கியது போல் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்றனர். மற்றவர் தம் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்து வாரந்தோறும் வந்து மருந்து வாங்கிச் சென்றனர். மருந்து இருவர்க்கும் ஒன்றே: ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேரிடத்திலும் வீட்டில் 86 பேரிடத்திலும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் நோயாளியோடு வாழ்ந்த குடும்பத்தார்க்கு, சானடோரியத்துக்குச் சென்றவரின் குடும்பத்தாரைவிட மிகுதியாக நோய் வரவும் இல்லை. 1959இல் இது வெளியானபின் உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வரலாயிற்று. சேத்துப்பட்டில் உள்ள அந்நிலையமே இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையம். மலைக்கு அனுப்பிவிடுவார்கள், வேலை போய்விடும், பிள்ளைகளைப் பிரிக்க வேண்டும் என்று எங்கள் மாடிக் குடித்தனக்காரர் அஞ்சிய எதுவும் நிகழ்ந்திருக்க வேண்டியதில்லை. உண்மை சென்னையில் அச்சாகி இருந்தது. தில்லி மாடிப்படி ஏற அதற்கு நேரமாகிவிட்டது.

மருந்துச்சாலைகளின் பங்கையும் மறைக்கலாகாது. பெங்களூரின் தேசியக் காசநோய் நிலையத்தைச் சேர்ந்த தேபாபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டச் சிற்றூர்களில் ஆராய்ந்து 1963இல் எழுதியது இது: சளியில் கிருமி உடையோருள் பாதிக்கு மேற்பட்டவர் தமக்கு ஏதோ நோய் என்று உணர்ந்து தாமாகவே மருத்துவம் தேடிச் சென்றிருந்தனர். அறியாமையால் மக்கள் வருவதில்லை என்று அதுவரை சொல்லி வந்தோர்க்கு அது பெரிய அடி. வந்தவர்க்குக் கிடைத்ததோ பெரும்பாலும் ஒரு குப்பி இருமல் மருந்து. இருமல் நீடித்தால் சளியைச் சோதிக்க வேண்டும் என்ற விதி அதன்பின் நாடெங்கும் வந்தது. மூன்று வாரம் என்றிருந்த எல்லை பின்னர் இரண்டு வாரமாயிற்று.

இருமல் மருந்தை முற்றும் இகழவும் வேண்டியதில்லை. நம் வேலியோர ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்னும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டே புரோம்ஹெக்சின் என்ற சளிமருந்தை ஐரோப்பியர் ஆக்கினர். ஆடாதோடைக் கஷாயம் சளியை இளக்கும். நுரையீரலில் புழு கிடப்பதையோ கிருமி அரிப்பதையோ அது அறியாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் கஷாயத்தைக் குடித்துக்கொண்டே சளிச் சோதனைக்கும் செல்லலாம். சளியில் ஒன்றும் இல்லையெனில், அதனோடு நின்றுவிடாமல், வேறு என்ன என்று கேட்க வேண்டும். ஆஸ்துமாவாகலாம், இரைப்பையின் புளிப்பு மேலேறுவதாகலாம், புகையாகலாம், இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் ஒருவகை மாத்திரையேகூட வறட்டு இருமலைத் தருவதுண்டு. இரவில் மிகும் இருமலாயின் தாம் பிறந்து வளர்ந்த ஊரின் பெயரையும் மருத்துவரிடம் சொல்லிவிடுதல் நன்று. 2004 முதல் அரசு ஆண்டுதோறும் ஊர் ஊராகக் கொடுத்து வந்த சுப்பாராவின் மருந்தாலேயே பைலேரியா நம் பக்கத்தில் பெரிதும் அடங்கிவிட்டது. ஆகவே இந்த இருமலை நேரிற் கண்டிராத இளம் மருத்துவர் பலர் இருப்பர்.

மதனப்பள்ளிச் சானடோரியம் இப்போது பொது மருத்துவ நிலையமாக நடக்கிறது. என் அத்தைக்கு நான்காண்டு கழித்து வேறிடத்தில் திருமணம் ஆயிற்று. கோடு கீறிய தம்ளர் நெடுநாள் எங்கள் வீட்டில் புழங்கியது. யார் வேண்டுமானாலும் அதில் காப்பி குடித்தோம். தந்தையார் எண்பது வயதுவரை வாழ்ந்தார். அந்த நாளில் உங்களுக்கு என்ன உடம்பு என்று யாரேனும் கேட்டால், கும்பகோணத்துக் கொசு கடித்தது என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கிவிடுவார்.